பி.எட்.: போடுற காசு திரும்புமா? மதுரை வட்டாரக் கணக்கு

திருமங்கலம்_பஸ்

கேள்வி சுருக்கமா: பி.எஸ்சி. கணிதம், 64 சதவீதம், பி.சி., பெண், வயசு 22, ஊர் திருமங்கலம் பக்கம். மாசம் 12,000க்கு ஒரு தனியார் வேலை கைவசம் இருக்கு. ஒரு சுயநிதி கல்வியியல் கல்லூரியில பி.எட். வருஷத்துக்கு 45,000னு சொல்றாங்க. "ரெண்டே வருஷம், அப்புறம் டீச்சர்"னு வீட்டுல எல்லாரும் ஒரே பாட்டு. இந்த வருஷமே சேரலாமா, எம்.எஸ்சி. முடிச்சுட்டா, இல்ல சேரவே வேண்டாமா? ஆறுதல் வேணாம், நம்பர் போட்டுக் காட்டுங்க.

கணக்கன்

நம்பர்தானே, போட்டுவிடுவோம். பி.எட். செலவு என்றால் எல்லாரும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். மொத்தத்தில் அது கால் பங்குகூட இல்லை.

கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 90,000. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, சார்ட், மாடல், முகாம், சீருடை, கடைசியில் பைண்டிங் எல்லாம் சேர்த்து 25,000 என்று வையுங்கள். கையில் இருக்கும் 12,000 சம்பளத்தை விடுகிறீர்கள்: 24 மாதத்துக்கு 2,88,000. ஆக 4,03,000. இதுதான் பி.எட். விலை.

வரவு இரண்டு விதம்.

தனியார் பள்ளி: பி.எட். இருப்பதால் 12,000 இடத்தில் 16,000 தருகிறார்கள் என்று வைத்தால் கூடுதல் வரவு மாதம் 4,000. பல பள்ளிகள் மே மாதச் சம்பளம் தருவதில்லை என்பதால் 11 மாதக் கணக்கு, ஆண்டுக்கு 44,000. போட்ட காசு திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும்.

அரசுப் பள்ளி பட்டதாரி ஆசிரியர் (6 முதல் 10ஆம் வகுப்பு வரை): ஊதிய நிலை 16, தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. 2025 ஜனவரி அகவிலைப்படி 55 சதவீதத்தை வைத்தால் 20,020 கூடி 56,420. ஓய்வூதியப் பங்களிப்பு 10 சதவீதம் 5,642 போனால் 50,778. வீட்டு வாடகைப்படியையும் காப்பீட்டுப் பிடித்தத்தையும் நான் சேர்க்கவில்லை. இப்போதைய 12,000ஐவிட 38,778 அதிகம். அந்த 4,03,000 பத்தரை மாதத்தில் திரும்பிவிடும்.

ஒன்பது ஆண்டு, பத்தரை மாதம்: இரண்டும் ஒரே பட்டத்தின் கணக்குதான். அதனால் "பி.எட். லாபமா" என்று கேட்டால் பதில் வராது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் போட்டித் தேர்வு இரண்டையும் தாண்ட முடியுமா, அதற்கு எத்தனை வருடம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள்.

மேலூரான்

கணக்கன் அண்ணே, 24 மாசமும் வருமானம் பூஜ்யம்னு போட்டது கொஞ்சம் ஓவர். கணிதம் படிச்ச பிள்ளைக்குச் சாயங்கால டியூஷன் கிடைக்காத ஊரே கிடையாது. பத்துப் பிள்ளைக, தலைக்கு 500, இருபது மாசம்னா ஒரு லட்சம். அதைக் கழிச்சா 3,03,000. ஒன்பது வருஷம் ஏழு வருஷமாகும். பஸ் செலவும் இல்லை, சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுல்ல.

கணக்கன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் அந்த டியூஷன் அடி வாங்கும். பகலெல்லாம் பள்ளி, இரவெல்லாம் பாடத்திட்டம் எழுதுவது. ஒரு லட்சத்தை 80,000 ஆக்கிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு_நோட்டு

அந்த 16 வாரத்தைப் பற்றி யாரும் சேரும்போது சொல்வதில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிமுறைக்குப் பிறகு, 2015-16லிருந்து பி.எட். இரண்டாண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். இதற்கு உதவித்தொகை எதுவும் கிடையாது.

செலவு எங்கே கசியும்? மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, கவனிப்புப் பதிவேடு, உளவியல் செய்முறை, தேர்வும் மதிப்பீடும், செயல் ஆராய்ச்சி அறிக்கை, பாடத்திட்டப் பதிவேடுகள். கல்லூரியே "செட்"டாக விற்கும், வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும். எந்த வடிவம் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வெளியில் வாங்குங்கள். கற்பித்தல் உபகரணத்தைக் கடையில் செய்து வாங்கினால் ஒன்றுக்கே சில நூறு போய்விடும். தெர்மோகோல், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, ஸ்கெட்ச் பேனா போதும். தேர்வாளர் அதை வைத்து நீங்கள் எப்படி விளக்குகிறீர்கள் என்றுதான் பார்ப்பார்.

இன்னொன்று. "வர வேண்டாம், பணம் கட்டினால் போதும், தேர்வுக்கு வாருங்கள்" என்று சொல்லும் இடம் எதுவானாலும் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். அதே மாதங்களில் வேறு வேலையில் பி.எஃப். பிடித்திருந்தால் அந்தப் பதிவு உங்கள் யுஏஎன் (பி.எஃப். நிரந்தர எண்) கணக்கில் என்றைக்கும் இருக்கும். பகல்நேரப் பட்டமும் முழுநேர வேலையும் ஒரே தேதியில் என்றால், பின்னாளில் யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்காது.

திருமங்கலம்_பஸ்

நன்றி. அப்ப 45,000 கல்லூரியை விட்டுட்டு வேற எங்க பாக்கலாம்?

ரெக்கார்டு_நோட்டு

முதலில் அரசு உதவி பெறும் கல்லூரி. மதுரையிலேயே தெப்பக்குளம் பக்கம் தியாகராசர் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு செயின்ட் ஜஸ்டின் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் நமக்குப் பக்கம் புதுக்கோட்டை, அப்போது விடுதிச் செலவைச் சேர்க்க வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கும் உதவி பெறும் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ஒற்றைச் சாளர விண்ணப்பம் வரும், அதைத் தவறவிடாதீர்கள். பட்டப்படிப்பு மதிப்பெண், இனச்சுழற்சி, பாடவாரி இடம் எல்லாம் பார்த்துத்தான் கிடைக்கும். கணிதத்துக்கு 64 சதவீதம் நடுத்தரம்தான், உறுதி என்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சத் தகுதி பொதுப்பிரிவுக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம்.

உதவி பெறும் இடம் கிடைத்து ஆண்டுக் கட்டணம் 10,000 என்று வந்தால் மொத்தத்தில் 70,000 மிச்சம். கணக்கன் சார் சொன்ன தனியார் பள்ளிக் கணக்கில் அது ஒன்றரை வருடம்.

சுயநிதி என்றால் சேரும் முன் மூன்றைப் பாருங்கள். என்சிடிஇ அங்கீகார ஆணையில் எத்தனை இடம் (அலகு 50 பேர், 100 இடம் என்றால் இரண்டு அலகு). தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பு நடப்பாண்டுக்கு இருக்கிறதா. மூன்றாவது, நேரில் போய் ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள்: 100 மாணவருக்கு 16 பேர் இருக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனால் உண்மை தெரியும்.

மேலூரான்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி 😄 நல்லாச் சொன்னீங்க.

சாக்பீஸ்_துகள்

ஆள்சேர்ப்பு முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் காத்திருப்புதான் இந்தக் கணக்கின் உண்மையான செலவு.

பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு இரண்டு தேர்வு. முதலில் டெட் இரண்டாம் தாள்: 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் 60. பொதுப்பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும். மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு, நடப்பு அறிவிப்பில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும், பழைய ஏழாண்டு வரம்பு போய்விட்டது.

டெட் தேறினால் வேலை என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழைய வெயிட்டேஜ் முறையை (பிளஸ் டூ, பட்டம், பி.எட்., டெட் மதிப்பெண்களை எடையிட்டுக் கூட்டி வேலை தருவது) 2018 ஜூலையில் அரசாணை 149 எடுத்துவிட்டது. இப்போது டெட் தேறியவர் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அதில் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண்ணுக்கு, 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தாள் 150.

இனி இடைவெளியைப் பாருங்கள். டெட் நடந்த சுற்றுகள்: 2012, 2013, 2017, 2019, 2022, 2025. பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வு அறிவிப்பு 2023 அக்டோபரில் 2,222 இடத்துக்கு வந்தது, தேர்வு 2024 பிப்ரவரி 4. அதற்கு முந்தைய பெரிய நியமனம் 2014 வாக்கில். நடுவில் பி.எட். முடித்தவர்கள் கிட்டத்தட்ட பத்தாண்டு நின்றார்கள். ரெண்டே வருஷம் என்று சொல்பவர்களிடம் இந்த ஆண்டுகளைக் காட்டுங்கள்.

வயது ஒரு தடையில்லை. பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 வரை இருக்கிறது. அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது: "இன்னும் ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று நாற்பது தாண்டலாம்.

வைகை_வடகரை

அதனாலதான் சொல்றேன், எம்.எஸ்சி. முடிச்சுட்டு பி.எட். போங்க. முதுகலை ஆசிரியர் (11, 12ம் வகுப்பு) தேர்வுக்கு டெட் தேவையில்லை. அறிவிப்பும் ஓரளவு ஒழுங்கா வருது: 2019ல 2,144 இடம், 2021ல 2,207, 2025ல 1,996. ஒரே தேர்வு. பாடம் 110 கேள்வி, கல்வியியல் 30, பொது அறிவு 10. தமிழ்த் தகுதித் தாள் இதுலயும் உண்டு.

கணக்கன்

சம்பளத்துக்காக என்றால் அந்த வழி தேவையில்லை. பட்டதாரி ஆசிரியர் 36,400, முதுகலை ஆசிரியர் 36,900. தொடக்கத்தில் 500 ரூபாய் வித்தியாசம். அதற்காக இன்னும் இரண்டு ஆண்டுச் சம்பளம், இன்னொரு 2,88,000 விட வேண்டும்.

வைகை_வடகரை

500 ரூபாய்க்கு யாரு படிக்கச் சொன்னா? ஒரு வாசலுக்கு ரெண்டு வாசல் திறக்குது, அதுக்குத்தான். டெட் நாலு வருஷம் வராம கிடந்தாலும் இந்தப் பக்கம் எழுதலாம்.

சாக்பீஸ்_துகள்

இரண்டு பேரும் வரிசையை விட்டுவிட்டீர்கள். பி.எட். நேரடி வகுப்பில்தான் படிக்க வேண்டும். அஞ்சல் வழி பி.எட். பணியில் இருப்பவர்களுக்கும் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குமானது, இவருக்குப் பொருந்தாது. எம்.எஸ்சி. அப்படியில்லை, அஞ்சலிலும் படிக்கலாம். அப்படியானால் பி.எட். முதலில், நேரடியாக. முடித்ததும் ஒரு பள்ளியில் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே அஞ்சல் வழி எம்.எஸ்சி. கணிதம். இழக்கும் சம்பளம் இரண்டாண்டோடு நிற்கும், நான்காம் ஆண்டு முடிவில் இரண்டு வாசலும் திறந்திருக்கும்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். அஞ்சல் வழிப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் ஒப்புதல் இருக்க வேண்டும், சேரும் நாளன்று அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எட்.டையும் எம்.எஸ்சி.யையும் ஒரே கல்வியாண்டில் போடாதீர்கள். 2022இல் யுஜிசி ஒரே நேரத்தில் இரு பட்டங்களுக்கு வழிவிட்டது உண்மைதான், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்து அதை வாதாடும் நிலை உங்களுக்கு வேண்டாம். மூன்றாவது, முதுகலைப் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர் எம்.ஏ. ஆங்கிலம் போட்டால் முதுகலை ஆசிரியர் பணிக்கு அது உதவாது.

வைகை_வடகரை

வரிசை சரிதான். ஆனா அஞ்சல்ல படிச்ச கணிதத்தை வச்சு அந்த 110 கேள்வியில தேறுறது லேசில்ல. ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் எல்லாம் ஆள் சொல்லித்தராம நோட்ஸ் பாத்து வராது. நேரடி எம்.எஸ்சி. அரசுக் கல்லூரியில கிடைச்சா அதுக்கே என் ஓட்டு. மத்தபடி உங்க இஷ்டம்.

உசிலை_2

பி.காம். முடிச்சவங்களுக்கும் இதே கணக்குதானா சார்?

சாக்பீஸ்_துகள்

இல்லை தம்பி, அது வேறு கதை. பட்டதாரி ஆசிரியர் பணியிடம் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியலுக்குத்தான். வணிகவியல் மேல்நிலையில்தான் வருகிறது. அதனால் வணிகவியல், பொருளியல் பாடங்களுக்கு முதுகலை இருந்தால்தான் பி.எட்.டில் சேரவே முடியும். எம்.காம். முடித்து, பி.எட். முடித்து, முதுகலைத் தேர்வு ஒன்றை மட்டும் நம்பி நிற்க வேண்டும். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற பட்டங்கள் வைத்திருப்பவர்கள் தங்கள் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை (பள்ளிப் பாடத்துக்கான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை) இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பி.எட். முடித்து, தேர்வும் தேறி, சரிபார்ப்பில் வெளியே நிற்பவர்களில் இந்த வகையினரும் உண்டு.

பி.எட். இருந்தால் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கும் போகலாம் என்பதும் பழைய கதை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்வி பட்டயம்தான்.

மேலூரான்

பணியில இருக்குற ஆசிரியர்களும் டெட் தேறணும்னு 2025 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சே. தேறாதவங்க போனா இடம் காலியாகும்ல?

சாக்பீஸ்_துகள்

அடுத்தவர் நாற்காலியைப் பார்த்து ஃபீஸ் கட்டாதீர்கள். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் கொடுத்த தீர்ப்பு அது. ஐந்தாண்டுக்குள் இருப்பவர்கள் பதவி உயர்வு கேட்டால்தான் எழுத வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் விவகாரம் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. காலியிடம் வந்தாலும் உபரி ஆசிரியர்களை முதலில் மாற்றி நிரப்புவார்கள். உங்கள் கணக்கில் இதற்குப் பூஜ்யம் போடுங்கள்.

வடக்குமாசி

தனியார் பள்ளிப் பக்கத்தையும் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் பெரும்பாலோர் காத்திருக்கும் இடம் அதுதான். சேரும்போது சம்பளத்தை மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்: மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். உண்டா, வங்கியில் போடுகிறார்களா, நியமனக் கடிதம் தருகிறார்களா. 15,000 சம்பளத்தில் பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800. பள்ளியும் அதே அளவு போட வேண்டும். பி.எஃப். இல்லாத 16,000ஐவிட பி.எஃப்.போடு கூடிய 15,000 மேல்.

பணிக்கொடை தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. 2009 திருத்தச் சட்டம் 1997 ஏப்ரல் 3 முதல் அதைக் கொண்டுவந்தது, 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஐந்தாண்டு முடிந்தால் கடைசிச் சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டு. 15,000க்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8,650. நாலே முக்கால் வருடத்தில் வேறு பள்ளிக்குத் தாவும் முன் இதை யோசியுங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அசலைப் பூட்டி வைக்கும் பள்ளியிலிருந்து டிஆர்பி சரிபார்ப்பு நாளில் அதை வாங்குவது தனிப் போராட்டம்.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 90,000 கடன், 11 சதவீத வட்டி, ஐந்தாண்டு என்றால் தவணை மாதம் ஏறக்குறைய 1,960. படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் ஏறும். பி.எட். தரும் கூடுதல் 4,000இல் பாதி அதற்கே போகும்.

உசிலை_2

உதவி பெறும் பள்ளியில "இத்தனை லட்சம் கொடுத்தா போஸ்டிங்"னு சொல்றாங்களே, அதையும் செலவுல சேக்கணுமா?

வடக்குமாசி

சேர்க்காதே தம்பி, அந்தப் பக்கமே போகாதே. அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமித்தால் மட்டும் சம்பளம் வராது, கல்வித்துறை நியமன ஒப்புதல் தர வேண்டும். பணியாளர் நிர்ணயத்தில் அந்தப் பணியிடம் நிற்க வேண்டும், மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அது உபரியாகும். டெட் இல்லாத நியமனம் என்றால் ஒப்புதல் வழக்கில் கிடக்கும். பணம் போயிருக்கும், ரசீது இருக்காது, ஒப்புதல் வரும்வரை மாதம் சில ஆயிரத்துக்கு வேலை பார்க்க வேண்டும்.

சாக்பீஸ்_துகள்

இன்னும் சில இடங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. டிஆர்பி அறிவிப்பில் அவற்றின் காலியிடங்கள் தனியாக வரும், அட்டவணையைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் தற்காலிகப் பணிக்குத் தொகுப்பூதியம் பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000. நிரந்தரம் ஆகும் என்று நம்பிப் போகாதீர்கள், படிக்க நேரம் கிடைக்கும் என்று போங்கள். கேந்திரிய வித்யாலயா டிஜிடி (பட்டதாரி ஆசிரியர்) அடிப்படை 44,900, அதற்கு சிடெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) வேண்டும், பணி நாடு முழுக்க.

எம்.எட். போட்டால் ஊக்க ஊதியம் கிடைக்கும் என்று கல்லூரிகள் இன்னும் சொல்கின்றன. அந்த முன் ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நின்றுபோனது.

கணக்கன்

நான்காண்டுப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்று என்சிடிஇ 2025 பிப்ரவரியில் வரைவு விதி வெளியிட்டதே, அதையும் சொல்ல வேண்டும். அது நடைமுறைக்கு வந்தால் எம்.எஸ்சி. முதலில் என்பதன் கணக்கு மாறும், ஓராண்டுச் சம்பளம் 1,44,000 மிச்சம். ஆனால் வரைவை நம்பி இந்த ஆண்டுச் சேர்க்கையைத் தள்ளிப்போட மாட்டேன்.

திருமங்கலம்_பஸ்

எல்லாருக்கும் நன்றி. புரிஞ்சது இது: ஒற்றைச் சாளரத்துல விண்ணப்பம். உதவி பெறும் இடம் கிடைச்சா இந்த வருஷமே பி.எட்., கிடைக்கலன்னா அரசுக் கல்லூரியில நேரடி எம்.எஸ்சி. முயற்சி. 45,000 கல்லூரி கடைசி. பி.எட்.டுக்கு அப்புறம் டெட், போட்டித் தேர்வுக்கு எத்தனை வருஷம் ஒதுக்கலாம்?

கணக்கன்

இரண்டு டெட் சுற்றும் ஒரு போட்டித் தேர்வும். முன்னனுபவத்தில் அது ஐந்தாறு வருடம். அந்தக் காலம் முழுக்க ஏதாவது சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு கோச்சிங் சென்டரில் உட்கார்ந்தால் ஆண்டுக்கு இன்னொரு 1,76,000 செலவில் ஏறும், 16,000 பெருக்கல் 11.

ரெக்கார்டு_நோட்டு

சேரும் முன் ஒரு சின்ன விஷயம். பி.எஸ்சி. தமிழ் வழியா, ஆங்கில வழியா?

திருமங்கலம்_பஸ்

தமிழ் வழி. ஒண்ணாப்புலேர்ந்தே தமிழ் வழிதான்.

ரெக்கார்டு_நோட்டு

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நேரடி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல் தகுதிப் படிப்புவரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும், பி.எட். உள்பட. சேர்க்கைப் படிவத்தில் பயிற்றுமொழி என்ற கட்டத்தில் அலுவலர் அவராகவே ஆங்கிலம் என்று நிரப்பிவிடுவார், கவனிக்காவிட்டால் பதினைந்து வருடத் தமிழ் வழி அந்த ஒரு கட்டத்தில் போய்விடும். தமிழ் வழி என்று எழுதச் சொல்லி, நகலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரி இரண்டிலும் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வேறு பள்ளி, பத்தாம் வகுப்பு வேறு பள்ளி என்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக. தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை, படித்த ஆண்டுகள் மூன்றும் இருக்க வேண்டும்.

திருமங்கலம்_பஸ்

அஞ்சாவது வரைக்கும் படிச்ச பள்ளியை பக்கத்துப் பள்ளியோட சேத்துட்டாங்க. யார்கிட்ட வாங்கணும்?

சாக்பீஸ்_துகள்

பழைய சேர்க்கைப் பதிவேடு எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அங்கே. இல்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.